மலாக்காவில் வெட்டிய இடக்கை இம்பெல்லர்

மலாக்காவில் எனக்கு முதலில் கிடைத்தது ஏமாற்றம்தான். காஜா பேராங்கில், கம்போங் செட்டி என்கிற குடியிருப்பில் எனக்கு அறை பார்த்து வைத்திருந்தார்கள். வீட்டுக்காரர் பெயர் பிள்ளை. நிலைப்படியில் மாவிலை, கூடத்தில் மாரியம்மன் படம், அவர் நெற்றியில் பட்டையாகத் திருநீறு. அப்பாடா, பேச்சுக்கும் ரசத்துக்கும் பஞ்சமில்லை என்று பெட்டியை இறக்கி வைத்து, "வணக்கமுங்க. வெயில் எங்க ஊரைவிட மோசமா இருக்குதுங்களே" என்றேன். அவர் சிரித்த முகமாக மலாயில் பதில் சொன்னார். காதில் சரியாக விழவில்லை போலிருக்கிறது என்று நான் அதையே இன்னும் உரக்கச் சொன்னேன். என்ன சண்டையோ என்று அவர் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பிறகு பிள்ளையே ஆங்கிலத்தில் விளக்கினார். தபால் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பொறுமைசாலி. அவர்கள் மலாக்கா செட்டிகள். முன்னோர்கள் தமிழ் வணிகர்கள். பல நூறு வருடத்துக்கு முன்னால் வந்து, இங்கத்திய பெண்களைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டார்கள். சாமி மாறவில்லை, பேச்சு மாறிவிட்டது. "தமிழைக் கோயிலில் ஐயர் பேசுவார். நாங்கள் கும்பிட்டுக்கொள்வோம்" என்றார். அன்று மத்தியானம் அவர் மனைவி போட்ட மீன்குழம்பு புளிப்பும் உறைப்புமாக நன்றாகத்தான் இருந்தது. கூட வைத்த பெலாச்சான் என்கிற இறால் விழுதின் வாடைதான் எனக்குக் குடலைப் புரட்டியது. ரசத்தைப் பற்றி நான் கேட்கவேயில்லை.

வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு பம்புக் கம்பெனியின் டிராயிங் ஆபீஸில் இருபது வருடத்துக்கு மேலாகப் படம் போடுகிறவன் நான். சாய்வுப் பலகை, பென்சில், தப்பானால் பிளேடால் சுரண்டுகிற டிரேசிங் காகிதம், இவைதான் எங்கள் உலகம். மலேசியாவில் ரிங்கிட் விழுந்து கிடந்த வருடம் அது. குருபோங் தொழிற்பேட்டையில் பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு செய்கிற தொழிற்சாலை ஒன்று தன் மெஷின்களை விற்றுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டரில் படம் போட்டால், அந்தப் படத்தைக் கொண்டே உலோகத்தை வெட்டிக் கொடுக்கிற மில்லிங் மெஷின் ஒன்றை எங்கள் முதலாளி பேசி முடித்தார். படம் போடவும் வெட்டவும் கற்றுக்கொண்டு வர என்னை அனுப்பினார்.

முதலாளி சுற்றி வளைத்துப் பேசுகிறவர் இல்லை. "கத்துக்கிட்டு வந்தீங்கன்னா டிராயிங் ஆபீஸ் உங்க கையில. கத்துக்கலைன்னா அங்கிருந்தே சொல்லிக் குடுக்க ஒரு ஆளை அனுப்பறாங்களாம். அப்படி ஆளு வந்தா, புதுசா ரெண்டு இன்ஜினீயர் பசங்களைப் பக்கத்துல உட்கார வெச்சுக் கத்துக்கச் சொல்லிருவேன். அதுக்கப்புறம் உங்களுக்கு நான் என்ன வேலை குடுக்கறதுன்னு நீங்களே சொல்லுங்க" என்றார். எனக்கு நாற்பத்தேழு வயது. எப்படியானாலும் மற்றவர்களின் பலகைகள் போகப்போவது உறுதி என்று ஆபீஸில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பக்கத்துப் பலகை மயில்சாமிதான் என் பெட்டியைத் தூக்கி வண்டியில் வைத்தான். "நல்லாக் கத்துக்கிட்டு வாங்க" என்று வேறு சொன்னான்.

மறுநாள் காலை குருபோங்குக்குப் பஸ் ஏறினேன். எங்கள் ஊர் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நாலு முறை ஊர் பெயரைக் கத்துவார், தூங்குகிறவனைத் தட்டி எழுப்பியும் இறக்குவார். இங்கே கண்டக்டரே இல்லை. டிரைவர் வாயைத் திறக்கவில்லை. நான் மணியை அழுத்தியபோது பஸ் பேட்டையைத் தாண்டி, செம்பனைத் தோட்ட ஓரத்தில் நின்றது. இறங்கினேன். வானம் பொத்துக்கொண்டது. அரைமணி நேரம் திரும்பி நடந்து, தொப்பலாக நனைந்து தொழிற்சாலை வாசலில் போய் நின்றேன்.

"வாங்கண்ணே. கோயம்புத்தூர் ஆளுதானே? நனைஞ்சிட்டீங்களே. சப்பாத்த அங்க கழட்டிருங்க, கம்ப்யூட்டர் ரூமுக்குள்ள போட விட மாட்டாங்க."

சொன்னவள் லெட்சுமி. முப்பத்து நாலைந்து வயதிருக்கும். நீலச் சீருடை, இறுக்கிக் கட்டிய கொண்டை, சட்டைப்பையில் அளவுக் காலிப்பர். அந்த மெஷினுக்கு நிரல் எழுதுவதும் அதை ஓட்டுவதும் அவள்தான். எனக்கு வாத்தியாரம்மாவும் அவள்தான். சப்பாத்தைக் கழற்றினேன். ஈரக் காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்த்தது. அவள் பார்க்காததுபோல முன்னால் நடந்தாள். உள்ளே பாதி டியூப் லைட்டுகளை அணைத்து வைத்திருந்தார்கள். மெஷின்கள் மேலெல்லாம் விற்றாகிவிட்டது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஓர் ஆள் மூலையில் உட்கார்ந்து, எதற்கென்றே தெரியாமல், ஒரே ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

மேனேஜர் சீனர். மரியாதையான மனிதர். என்னையும் லெட்சுமியையும் சேர்த்தே எதிரில் நிற்க வைத்து ஒப்பந்தத்தைச் சொன்னார். மூன்று வாரம் பயிற்சி. முடிவில் என் கம்பெனி உருப்படி ஒன்றை யார் உதவியும் இல்லாமல் நானே கம்ப்யூட்டரில் வரைந்து, நானே வெட்டிக் காட்டவேண்டும். காட்டினால் மெஷின் மட்டும் கப்பலேறும். முடியாவிட்டால் லெட்சுமி ஆறு மாதம் கூடவே வந்து கோயம்புத்தூரில் சொல்லிக் கொடுப்பாள். அவளுக்கு இங்கே வேலை மெஷின் போகிற நாளோடு முடிகிறது. நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவள் மேனேஜரின் மேஜை நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் கேன்டீனில் சோறு, இனிப்புப் போட்ட சாம்பார், பொரித்த கெம்போங் மீன். இருநூறு பேர் உட்காரும் இடத்தில் நாங்கள் பத்துப் பேர் இருந்திருப்போம். நான் பொதுவாக, இந்தியா பார்த்திருக்கிறாயா என்று கேட்டு வைத்தேன்.

"இல்லண்ணே. பாக்கணும்னு ஆசைலாம் பெருசா இல்ல" என்றாள். "ஆனா எனக்கு அந்த ஆறு மாசம் வேணும். இங்க பயிற்சி நிலையத்துல வாத்தியார் வேலை ஒண்ணு இருக்கு. வெளிநாட்டுல போயி சொல்லிக்கொடுத்த அனுபவம் இருந்தா எடுத்துக்குவோம்னு சொல்லிட்டாங்க. இல்லாட்டி பொம்பள மெஷினிஸ்ட்ட எவன் எடுப்பான்? மத்த பேக்டரிலாம் சின்னப் புள்ளைங்களத்தான் லைன்ல நிக்க வைக்கக் கூப்புடறாங்க. வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே வேலை போச்சு. லோரி ஓட்டறாரு, ஒரு நாளு இருக்கு, ரெண்டு நாளு இல்ல."

"அப்ப எனக்கு ஒழுங்காச் சொல்லித் தரமாட்டேன்னு சொல்லு" என்றேன், விளையாட்டுப் போல.

"தருவேன். சம்பளம் வாங்கறேன்ல" என்று மீன் முள்ளை ஒதுக்கினாள்.

தரத்தான் செய்தாள். முதல் வாரம் முழுக்க எனக்கு மவுஸ் என்கிற எலியோடு போராட்டம். பென்சில் பிடித்த கைக்கு அந்த எலி அடங்கவே இல்லை. கோடு மேற்கே போ என்றால் கிழக்கே போனது. "அதப் போட்டு அமுக்காதீங்கண்ணே, அது ஒண்ணும் ஓடிப் போயிறாது" என்பாள். இரண்டு வட்டம், ஒரு கோடு போட்டு, இதைக் கனமாக்கு என்று சொன்னால் திரையில் ஒரு உருளை எழுந்து நின்றது. சுற்றினால் சுற்றியது. பின்பக்கம் காட்டியது, அடிப்பக்கம் காட்டியது. நான் வாயைப் பிளந்து பார்த்தேன். அடுத்த நிமிஷமே, இது வந்துவிட்டால் மயில்சாமிக்கு அங்கே என்ன வேலை என்ற நினைப்பும் வந்தது. அன்று சாயந்திரம் பிள்ளை வீட்டில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

படம் பார்க்கிற முறையிலேயே எங்களுக்குள் ஒரு தகராறு இருந்தது. தொழில் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். ஒரு பொருளை நேராகப் பார்த்து ஒரு படம் போடுகிறோம். அதையே இடப்பக்கமிருந்து பார்த்து இன்னொன்று போடுகிறோம். இந்த இரண்டாவதை எங்கே வைப்பது? எங்கள் ஊரில் முதல் படத்துக்கு வலப்பக்கம் வைப்போம். ஜப்பான்காரர்கள் இடப்பக்கமே வைப்பார்கள். இரண்டும் சரிதான், எந்த முறை என்று தெரிந்தால் போதும். அதைத் தெரிவிக்கத் தாளின் மூலையில் ஒரு சின்னக் குறி போடவேண்டும் என்று சட்டம். எங்கள் ஆபீஸில் ஒருத்தரும் போட்டதில்லை. போடுகிறவன், சரி பார்க்கிறவன், பட்டறைக்காரன் எல்லாரும் ஒரே முறையில் பழகினவர்கள். சொந்த வீட்டுக்குள் யாராவது வழி கேட்பார்களா?

இந்தத் தொழிற்சாலையில் எல்லாம் ஜப்பான் படம். நான் எங்கள் முறையில் பார்த்துத் தப்பாகப் போட்டுக்கொண்டே இருந்தேன். "அண்ணே, திரும்பவும் ஊருக்குப் போயிட்டீங்க. மாத்திப் பாருங்க" என்று லெட்சுமி சலிக்காமல் திருத்திக்கொண்டே இருந்தாள். ஒரு நாள், உங்கள் ஊரில் எந்தப் படத்தை எங்கே வைப்பீர்கள் என்று விவரமாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இரண்டாவது வாரம் பாதியில் என் கண் மாறிவிட்டது. படத்தைப் பார்த்ததும் ஜப்பான்காரன் மாதிரியே பார்க்க ஆரம்பித்தேன். அவளே மெச்சிக்கொண்டாள்.

இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை, அறையில் அடைந்து கிடக்கப் பிடிக்காமல், கடல் பார்க்கலாம் என்று தெங்கேராப் பக்கம் நடந்தேன். பழைய வரிசை வீடுகள், பெரிய பள்ளிவாசல், எல்லாம் இருந்தன. கடலை மட்டும் காணோம். வீடுகளின் பின்படிகள் இறங்கின இடத்தில் செம்மண்ணும் காட்டுப் புல்லுமாகத் தூரம்வரை ஒரே பொட்டல். அதன் நடுவில் டயர் இல்லாத மண் அள்ளும் இயந்திரம் ஒன்று துருப்பிடித்து நின்றது. ஒரு மளிகைக் கடையில் விசாரித்தேன். கடைக்காரர் தமிழ் முஸ்லிம், நாகூர்ப் பக்கத்துப் பூர்வீகம்.

"கடலா? அது அங்கிட்டுப் போயிருச்சு தம்பி. மண்ணைக் கொட்டி மூடி, கட்டடம் வருதுன்னாங்க. இப்ப காசில்லைன்னு நிப்பாட்டிட்டாங்க. கடலும் போச்சு, கட்டடமும் வரல" என்றார். வந்து பத்து நாளில் நம்மூர்த் தமிழ் கேட்ட சந்தோஷத்தில் அங்கேயே அரைமணி நேரம் நின்று, எனக்குத் தேவையில்லாத ஒரு குடையையும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். வழியெல்லாம் வெயில் கொளுத்தியது.

மூன்றாம் வாரத் தொடக்கத்தில் பிள்ளை வீட்டில் பார்ச்சு வந்தது. செத்துப்போன முன்னோர்களுக்குப் பழக் காலத்தில் இலை போட்டுப் பழம் படைக்கிறார்கள். தரையில் வரிசையாக வாழையிலை. டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான், கூடவே சோறும் குழம்பும். சாம்பிராணிப் புகையும் டுரியான் நாற்றமும் கலந்து எனக்குத் தலை சுற்றியது. பிள்ளை கைகூப்பி, ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி மலாயில் அழைத்தார். பெயர்களெல்லாம் நம் பெயர்கள்: தெய்வானை, நாராயணன், மீனாட்சி. பிறகு அவர்கள் சாப்பிடட்டும் என்று நாங்கள் எல்லாரும் வெளியே வந்து கொஞ்ச நேரம் நின்றோம்.

"உங்கள் வீட்டில் இறந்தவர்கள் பெயரையும் சொல்லுங்கள், சேர்த்துக் கூப்பிடுகிறேன்" என்று பிள்ளை முன்னமே கேட்டிருந்தார். அப்பா பெயரைச் சொல்லியிருந்தேன். பாலக்காட்டைத் தாண்டாத மனுஷன். மலாக்காவுக்கு எந்தப் பஸ் என்று திண்டாடிக்கொண்டிருப்பார் என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரிப்பு நீடிக்கவில்லை. உயிரோடு இருக்கிற ஆட்களின் பெயர்களும் வரிசையாக மனதில் வந்தன: மயில்சாமி, சரிபார்க்கிற கிருஷ்ணசாமி, டிரேசர் சரோஜா. பிள்ளையின் மனைவி மங்குஸ்தான் உரித்துக் கொடுத்தார், வாங்கிக்கொண்டேன்.

சோதனைக்கு வந்தது இம்பெல்லர். பம்புக்குள் சுழன்று தண்ணீரை வெளியே வீசுகிற சக்கரம் அது. தட்டின் ஒரு முகத்தில் வளைந்த இறக்கைகள் இருக்கும். முதலாளி சொல்லி, மயில்சாமி புதிதாகப் படம் போட்டு ஃபேக்ஸ் அனுப்பியிருந்தான். இடப்பக்கம் சக்கரத்தைப் பிளந்து காட்டும் படம், வலப்பக்கம் இறக்கைகளின் படம். அளவுகள் தெளிவாக இருந்தன. ஃபேக்ஸ் தாளில், மறைந்த பக்கத்தைக் காட்டும் புள்ளிக்கோடும் தெரிகிற பக்கத்தைக் காட்டும் முழுக்கோடும் ஒன்றுபோல மசங்கியிருந்தன, அவ்வளவுதான். காலையில் உட்கார்ந்தவன் மத்தியானத்துக்குள் திரையில் சக்கரத்தை எழுப்பிவிட்டேன். இறக்கை ஒவ்வொன்றும் வழுக்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு சுலபமாக நான் எதையும் செய்ததில்லை.

லெட்சுமி பக்கத்து நாற்காலியில் கைகட்டி உட்கார்ந்திருந்தாள். உதவக்கூடாது என்பது விதி. ஒரு முறை ஃபேக்ஸைக் கையில் எடுத்துப் பார்த்தாள். திரையைப் பார்த்தாள். என் முகத்தையும் பார்த்தாள். ஃபேக்ஸை வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மறுநாள் வெட்டினேன். அலுமினியக் கட்டியின்மேல் பால் நிறக் குளிர்நீர் பாய, சுருள் சுருளாகச் சீவல் தெறிக்க, மெஷின் தன்பாட்டுக்குப் போய் வந்தது. நிற்க வேண்டிய இடத்தில் நின்றது. துடைத்துக் கையில் எடுத்தேன். பளபளவென்று குழந்தை மாதிரி இருந்தது. பழக்கதோஷத்தில் கட்டைவிரலை நடுவில் வைத்து, தண்ணீர் போகிற வழியே இறக்கையை ஒட்டி வெளியே தள்ளினேன். ஆயிரம் தடவை செய்திருக்கிறேன் இதை. விரல் போகவேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் போனது.

இடக்கைச் சக்கரம்; இறக்கைகள் எதிர்ப்பக்கம் வளைந்திருந்தன. எங்கள் மோட்டார் சுற்றும், இந்தச் சக்கரமும் சுற்றும், தண்ணீர் உருப்படியாக மேலே ஏறாது. ஃபேக்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். மயில்சாமி எங்கள் முறையில், இடப்பக்கமிருந்து பார்த்ததை வலப்பக்கம் போட்டிருந்தான். மூலையில் குறி இல்லை. எங்கள் ஆபீஸில் யார்தான் போடுகிறோம்? நான் ஜப்பான் கண்ணோடு, அது வலப்பக்கமிருந்து பார்த்த படம் என்று வாசித்துவிட்டேன். கண்ணாடியில் தெரிவதுபோல இறக்கைகள் இடவலம் மாறிவிட்டன. மூன்று வாரம் முன்னால் இருந்த அதே முட்டாளாக வந்திருந்தால் இந்தத் தப்பைச் செய்திருக்கவே மாட்டேன்.

"என்னாண்ணே?" என்றாள் லெட்சுமி.

"கை மாறிப் போச்சு."

அவள் சக்கரத்தை வாங்கவில்லை. "நேத்தே பார்த்தேன்" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பார்த்துட்டு வாயை மூடிட்டா இருந்தே? ஒரு கட்டி முழுக்க வெட்டுற வரைக்கும்?"

"உதவக்கூடாதுன்னு ரூல்ஸ் இருக்குலா."

"ரூல்ஸைப் பத்தி எங்கிட்ட பேசாதே."

"சரி, பேசல." குரல் ஏறவே இல்லை. "சொல்லணும்னுதான் இருந்தேன். தண்ணி குடிச்சிட்டு வந்து சொல்லலாம்னு போனேன். அங்க நின்னப்போ, சொல்லாட்டி என்னான்னு தோணுச்சு. நான் எதையும் கெடுக்கலண்ணே. எல்லாத்தையும் ஒழுங்காத்தான் சொல்லிக் கொடுத்தேன். இந்த ஒண்ண மட்டும் சொல்லல."

அதற்குள் மேனேஜர் வந்து சக்கரத்தைக் கையில் எடுத்து, "அருமையாக இருக்கிறதே" என்றார். அவர் பம்பைக் கண்டாரா, தண்ணீரைக் கண்டாரா. நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "இது எதிர்க்கை. படத்தைத் தப்பாக வாசித்தது நான்தான். இன்னொரு கட்டி கொடுங்கள்." அவர் லெட்சுமியைப் பார்த்தார். "நீ கவனிக்கவில்லையா?" என்று கேட்டார். "அவள் உதவக்கூடாது என்று சொன்னது நீங்கள்தானே" என்று நான் குறுக்கிட்டேன். மேனேஜர் யோசித்தார். ஒரு கட்டிதான் மிச்சம் இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று போனார்.

லெட்சுமி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவளைக் காட்டிக்கொடுக்காததற்கா, இரண்டாவது கட்டி கேட்டதற்கா, எதற்கென்று சொல்லத் தெரியவில்லை. மறுநாள் நான் கட்டியை மெஷினில் இறுக்கும்போது, பிடிப்பானின் பல் கட்டியைச் சரியாகக் கடிக்கவில்லை என்று அவளே வந்து இன்னொரு திருகு போட்டுக் கொடுத்தாள். இந்த முறை விரல் சரியான வழியில் போனது. சந்தோஷப்படவேண்டிய இடம். நான் சக்கரத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் போய் நின்றேன்.

அங்கேதான் அவள் வந்து கேட்டாள். சாயந்திரம் மேனேஜர் அறையிலிருந்து முதலாளியோடு பேசப் போகிறோம். நான் தேறிவிட்டதால் அவளை அனுப்பவேண்டிய கட்டாயம் இல்லை. ஆனாலும் வாங்குகிறவர் ஆசைப்பட்டால் அனுப்பலாம் என்று மேனேஜர் இறங்கி வந்திருக்கிறார். "உங்க மொதலாளி தவுக்கே உங்களத்தான் கேப்பாரு. 'கூட இருந்தா நல்லது'ன்னு ஒரு வார்த்த சொல்லுங்கண்ணே. பொய் இல்லதானே அது?"

"பாக்கறேம்மா" என்றேன்.

பொய் இல்லைதான். முந்தின வாரம் மெஷின் சிவப்பு விளக்குப் போட்டு நின்றபோது எனக்கு எங்கே கைவைப்பது என்றே தெரியவில்லை. அவள்தான் இரண்டு நிமிடத்தில் கிளப்பினாள். மெஷினைக் கழற்றி, கப்பலேற்றி, பீளமேட்டில் எங்கள் கம்பெனியில் இறக்கி மறுபடி நிறுத்தும்போது எத்தனை விளக்கு எரியுமோ.

மேனேஜர் தொலைபேசியை எல்லாருக்கும் கேட்கும்படி ஒலிபெருக்கியில் போட்டார். அவர் மேஜைக்குப் பின்னால், நான் எதிரில், லெட்சுமி பக்கத்து நாற்காலியில். விலை, கப்பல், பெட்டி கட்டுவது எல்லாம் ஆங்கிலத்தில் பேசி முடிந்தது. பிறகு முதலாளி என்னைக் கூப்பிட்டுத் தமிழுக்கு மாறினார். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்தக் குரலைக் கேட்டதும் என்னையறியாமல் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"ஏனுங்க, சக்கரம் சரியா வந்துச்சுங்களா?"

"வந்துச்சுங்க."

"சந்தோசம். இங்க பலகையெல்லாம் எடுக்கச் சொல்லிட்டேன். இப்ப ஒரே ஒரு கேள்வி. அந்தப் பொண்ணு வரணுமா, வேண்டாமா? வர்றதா இருந்தா அந்த ரெண்டு பசங்களுக்கும் இன்னைக்கே வரச்சொல்லி எழுதிப் போடணும். மென்னு முழுங்காம சொல்லுங்க."

அவள் வந்தால் அவளோடு அந்தப் பையன்களும் வருவார்கள். ஆறு மாதத்தில் கற்றுக்கொள்வார்கள். என்னை மாதிரி எலியோடு மல்லுக்கட்ட மாட்டார்கள். பிறகு நான்? எனக்குப் பயமாக இருந்தது. முந்தின நாள் கோபமும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டில் எது பேசியது என்று கேட்டால் இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வேண்டாங்க. நானே பாத்துக்குவேன்" என்றேன்.

மேனேஜருக்குத் தமிழ் தெரியாது. அந்தத் தொழிற்சாலையில் தமிழ் எது வந்தாலும் அவர் திரும்பிப் பார்ப்பது ஒரே ஆளைத்தான். இப்போதும் என்னைக் கேட்கவில்லை. லெட்சுமியின் பக்கம் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்றார்.

ஒலிபெருக்கியில் முதலாளி காத்துக்கொண்டிருந்தார். லெட்சுமி நிமிர்ந்து உட்கார்ந்து, நல்ல ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னாள்: "ஆள் தேவையில்லை என்கிறார். தானே பார்த்துக்கொள்வாராம்."

"நிச்சயமாகவா? அவரால் முடியுமா?" என்று மேனேஜர் அவளிடமே கேட்டார்.

"முடியும்" என்றாள் லெட்சுமி. "நான்தானே சொல்லிக் கொடுத்தேன்."